பந்தை ஓரமாக வை

பாளையங்கோட்டை,
ஆனி மாதக் கடைசி வெள்ளி

அன்புள்ள ஆறுமுகத்துக்கு,

உன் கடிதம் தேரோட்டத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. வடம் உரசித் தோல் உரிந்த இரண்டு கையும் ஆற ஒரு வாரம் ஆயிற்று. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். அறுபத்து மூன்று வயதில் வடம் பிடிக்கப் போவானேன் என்று வீட்டில் இன்னும் முணுமுணுப்பு அடங்கவில்லை. நீயும் ஊரில் இருந்திருந்தால் திட்டு பாதியாகப் பங்காகியிருக்கும்.

உன் மகன் செந்தில் பெரிய காற்றுப் பந்து ஒன்றும், அரைக்கோளமாக ஒரு ரப்பர் மேடையும் வாங்கி, அதன்மேல் ஏறி நின்று இரு கையிலும் டம்பெல்லோடு உட்கார்ந்து எழுகிறான், பார்க்கவே பயமாக இருக்கிறது என்று மதினி சொன்னதாக எழுதியிருந்தாய். கபடி ஆடுகிற இருபது வயதுப் பையனுக்கு இது நல்லதா என்றும் கேட்டிருந்தாய். தரையில் செய்யட்டும், பந்தை ஓரமாக வைக்கட்டும். இவ்வளவுதான் என் பதில். முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் இதோடு நிறுத்துவேன் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பந்துப் பயிற்சி இங்கே வந்த புதிதில் நான் கேலி செய்தேன். பிறகு நானே மயங்கினேன். ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் என்னிடம் வருகிற கல்லூரிப் பையன்களை ஒரு பருவம் முழுக்கப் பந்தின்மேலேயே பழக்கினேன். அவர்கள் பந்தின்மேல் முட்டி போட்டு நிற்பதில் வித்தகர்கள் ஆனார்கள். களத்தில் மட்டும் முன்பு போலவே தள்ளுப்பட்டார்கள். போதாக்குறைக்கு, உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் செய்து காட்டப் போய்ப் பந்து ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக உருண்டேன். இரண்டு வாரம் தலையணை போட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இதை நம் பழைய கூட்டாளிகளிடம் சொல்லிவிடாதே.

பையன்கள் ‘கோர்’ என்கிறார்களே, நான் அதை நடுவுடல் என்று எழுதுகிறேன். வயிற்றில் கட்டம் கட்டமாகத் தெரிவது மட்டும்தான் அது என்று செந்தில் நினைத்துக்கொண்டிருந்தால் முதலில் அதைத் திருத்து. விலாவின் சாய்தசைகள், முதுகெலும்பை ஒட்டி ஓடும் சிறு தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளம், உள்ளே வயிற்றைக் கச்சை போலச் சுற்றிக் கட்டியிருக்கும் குறுக்குத் தசை எல்லாம் சேர்ந்ததுதான் நடுவுடல். அந்தக் குறுக்குத் தசையின் வேலையை ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இருவர் ஆராய்ந்து 1996-இல் எழுதினார்கள். கையை வீசித் தூக்கும்போது, கையின் தசை இயங்குவதற்கு முன்பே இது இறுகிவிடுகிறதாம். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களுக்கு மட்டும் அது பிந்துகிறது. விருந்தாளி வாசலுக்கு வருமுன் பாய் விரிக்கிற வீட்டுக்காரி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

இனி தேருக்கு வருகிறேன். வாகையடி முனை திரும்புகிற நேரம். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று யாரோ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். காய்ந்த தாரில் நின்றவரை நெல்லையப்பர் தேர் எங்கள் இழுப்புக்கு இசைந்து வந்தது. ஈரத்தில் கால் வைத்ததும் என் முன்னால் நின்ற பையன், காளை மாதிரி இருப்பான், பல்லைக் கடித்து இழுக்கிறான், கால் பின்னால் வழுக்குகிறது. தொடை நடுங்குகிறது, வயிறு இறுகுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. வடத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. உழைப்பு எல்லாம் விழாமல் நிற்பதற்கே செலவாகிவிட்டது.

பந்து, ரப்பர் மேடை மாதிரி நிலையில்லாமல் ஆடுகிற பரப்பில் நடக்கிறதும் இதுதான். கனடாவில் டேவிட் பெம்மும் அவருடைய சகாவும் 2004-இல் ஆட்களைப் பந்தின்மேல் படுக்க வைத்து, மார்புக்கு மேலே முழுப் பலத்தோடு தள்ளச் சொல்லி அளந்தார்கள். பெஞ்சில் படுத்துத் தள்ளியதைவிட விசை ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்துபோனது. தசைகளின் மின் துடிப்போ ஏறக்குறைய அதே அளவு. வேலை அதே வேலை, கூலி மட்டும் பாதிக்கும் கீழே! பந்தில் பலகை போல (பிளாங்க் என்கிறார்களே, அது) உடலை நிறுத்தினால் வயிற்றுத் தசை தரையில் செய்வதைவிட அதிகமாக உழைக்கிறது என்பதும் உண்மைதான். பந்து விற்கிறவர்கள் அந்தப் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

சரி, மாதக்கணக்கில் பழகினால்? பதின்வயதுப் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, ஒன்றுக்குத் தரையிலும் மற்றதற்கு ஆடும் பரப்பிலும் ஒரே நடுவுடல் பயிற்சியை ஆறு வாரம் கொடுத்த ஆய்வு 2014-இல் வந்தது. இரண்டு அணியுமே முன்னேறின, இடைவெளி சொற்பம். மறு ஆண்டு பெம் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், நல்ல உடம்புள்ள இளைஞர்களுக்கு ஆடும் பரப்பால் பெரிய கூடுதல் லாபம் தெரியவில்லை. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஒரு பருவம் வீணான வருத்தமும் இருந்தது.

பந்தைப் பற்றி ஒரு வேடிக்கை. ‘சுவிஸ் பந்து’ என்று பெயர். 1963-இல் அதைச் செய்தவர் இத்தாலியப் பிளாஸ்டிக் தொழிலதிபர் அக்விலினோ கோசானி. சுவிட்சர்லாந்தில் குழந்தைகளுக்கான நரம்புச் சிகிச்சையில் அதைப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வடக்கிலிருந்து வந்தவர்கள் கிண்டிய அல்வாவுக்கு நம் ஊர்ப் பெயர் நிலைத்த மாதிரி. ஆக, அது பெயர் வாங்கியதே சிகிச்சைப் பொருளாகத்தான். கணுக்கால் பிசகி எழுந்தவனுக்கும், பாரம் தூக்கக் கூடாத முதுகுக்காரனுக்கும் ஆடும் பரப்பு நல்ல உதவி. குறைந்த பாரத்திலேயே தசையை எழுப்பிவிடும். செந்திலுக்குச் சலிப்புத் தட்டினால் வாரத்தில் ஒரு நாள் முழங்கையைப் பந்தில் ஊன்றிப் பலகை நிற்கட்டும். டம்பெல்லோடு ஏறி நிற்பதை மட்டும் இன்றே நிறுத்தச் சொல்.

தரையில் என்ன செய்வது? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆயுள் முழுக்க முதுகெலும்பையே ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் சொன்ன மூன்றை என் பையன்களுக்குக் கொடுக்கிறேன். மல்லாந்து ஒரு முழங்காலை மடக்கி, கைகளை இடுப்புக் குழிவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோளையும் ஒரு விரற்கடை உயர்த்துவது. ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. நாலு காலில் நின்று வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு மாற்றுவது. ஒவ்வொன்றும் பத்து விநாடிதான். முதலில் ஆறு முறை, ஓய்வு, பிறகு நான்கு, பிறகு இரண்டு. பார்க்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். மூன்றாவதில் இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் செய்து காட்டச் சொல், தெரியும். ஐந்து நிமிடம் பிளாங்க் நின்றேன் என்று மார்தட்டுவதில் கபடிக்கு ஒரு பயனும் இல்லை. இது பழகிய பிறகு கனமான பாரத்தைத் தரையிலிருந்து தூக்கட்டும். நடுவுடலுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

போன மாதம் திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி வாங்கப் போனபோது ஒரு பெரியவர் பனையிலிருந்து இறங்கினார். காற்றில் மரம் ஆட, உச்சியில் மட்டையில் கால் வைத்து ஒரு கையால் பாளை சீவுகிறாரே, எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டேன். “வடலியில ஏறித்தான்” (வடலி என்றால் வளராத இளம்பனை) என்று சொல்லிவிட்டுத் தளைநாரைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். அவருக்கு ஏது நேரம்?

அந்தக் கருப்பட்டியில் இரண்டு கிலோ உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். மதினியைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு வரும்போது அந்தப் பந்தின் காற்றை இறக்கிப் பையில் போட்டு எடுத்து வா. என் பேத்திக்கு உதைத்து விளையாட ஒன்று வேண்டுமாம்.

உன்,
சுடலைமுத்து