ஆலய வைஃபைக்கு ஒரே பாஸ்வேர்ட் போதுமா?

ஆசிரியருக்கு,

எங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலியை நேரலையில் போடத்தான் வைஃபை எடுத்தார்கள், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று. நல்ல விஷயம். ஆனால் அதே பாஸ்வேர்ட் பாடகர் குழு, மறைக்கல்வி வகுப்பு, மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறவர்கள் என்று கைமாறிப் போய், இப்போது மதிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்து படம் பார்க்கிற பொடியள் வரை வந்துவிட்டது. பிரசங்க நேரத்தில் நேரலை சுற்றிக்கொண்டு நிற்கிறது. மாதம் முடிய முன்பே டேட்டா தீர்ந்துவிடும், போவது உண்டியல் காசு.

அதைவிடப் பயம், பங்கு அலுவலகக் கணினியும் அதே இணைப்பில்தான். ஞானஸ்நான, திருமணப் பதிவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. வைஃபை தருகிற பெட்டியான றவுட்டர், இப்போது வருகிறவற்றில் பலவற்றில் விருந்தினருக்கென்று தனி வைஃபை திறக்கலாம். அதற்கு வேறு பாஸ்வேர்ட் போட்டு இடைக்கிடை மாற்றினால் அலுவலக இணைப்பைத் தொடவே தேவையில்லை. போன் கேமராவைக் காட்டினாலே இணைகிற கியூஆர் குறியை அச்சடித்து ஒட்டிவிட்டால் வயதானவர்கள் எழுத்தெழுத்தாக அடிக்கவும் வேண்டாம். அப்புறம், இந்த அமைப்புகளை மாற்ற றவுட்டருக்குள் நுழைகிற நிர்வாகப் பாஸ்வேர்ட் என்று தனியாக ஒன்று உண்டு. பல இடங்களில் அது பெட்டிக்கு அடியில் ஒட்டி வந்தபடியே கிடக்கிறது. அதை மாற்றி, பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவையில் ஒருவரிடமும் மட்டும் வைத்திருக்கலாமே. கேட்டால் எங்கள் இளைஞர்களே அரை மணித்தியாலத்தில் செய்து தருவார்கள்.

ஒரு வாசகர்,
யாழ்ப்பாணம்