முன்யோஸ் மரீன் வரலாற்றைச் செப்பனிட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு புவேர்ட்டோ ரிக்கோ. அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் ஆளுநர் லூயிஸ் முன்யோஸ் மரீன். அவருடைய வாழ்க்கை வரலாறு தமிழில் அச்சுக்குப் போய்விட்டது. கைப்பிரதியில் தவறு பிடித்துத் தந்தவர்கள் யாரும் பெயர் போட ஒப்பவில்லை. ஆகவே யார் என்று சொல்லாமல், எதைத் திருத்தினார்கள் என்று சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, 'ஆளுநர்' என்ற சொல்லிலேயே நிறுத்திப் பிடித்த ஓய்வுபெற்ற குடிமையியல் ஆசிரியைக்கு. தமிழ் வாசகருக்கு ஆளுநர் என்றால் டெல்லி அனுப்பிவைப்பவர், ஓட்டுக் கேட்டுத் தெருவுக்கு வராதவர். இந்த நினைப்போடு படித்தால் முன்யோஸின் முழு வாழ்க்கையும் தப்பாகவே புரியும் என்றார். உண்மைதான். அந்தத் தீவிலும் 1900 முதல் 1948 வரை ஆளுநர் அமெரிக்க ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவரே. 1946-ல் ட்ரூமன் முதன்முறையாகத் தீவின் மைந்தர் ஒருவரை, ஹெசூஸ் பின்யேரோவை அமர்த்தினார். அதுவும் நியமனம்தான். 1947 ஆகஸ்டில் சட்டம் மாறி, 1948 நவம்பர் 2 அன்று தேர்தல் நடந்தது. முன்யோஸ் சுமார் 61 சதவீத ஓட்டு வாங்கினார். பதவியேற்றது 1949 ஜனவரி 2. 'ஆளுநர் 1948–1964' என்று நாங்கள் போட்டிருந்ததை 1949–1965 ஆக்கியவரும் இவரே. தேர்தல் நடந்த ஆண்டையும் பதவியேற்ற ஆண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் பிழை இது. நான்கு தேர்தல்கள், முழுசாகப் பதினாறு ஆண்டுகள்.

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் நண்பருக்கு அடுத்த நன்றி. ஸ்பானிஷ் பெயரில் தந்தையின் குடும்பப் பெயர் முதலில், தாயுடையது பின்னால். முன்யோஸ் அப்பா வழி, மரீன் அம்மா வழி. பெயரடைவில் 'ம'வில் கிடந்தவரை 'மு'வுக்கு மாற்றினார். இல்லாவிட்டால் அப்பா ஓர் இடத்தில், மகன் வேறோர் இடத்தில் போயிருப்பார்கள். அப்பாவும் லூயிஸ்தான்: லூயிஸ் முன்யோஸ் ரிவேரா. அப்போது தீவை ஆண்ட ஸ்பெயினிடமிருந்து 1897-ல் தன்னாட்சிச் சாசனம் பெறப் பாடுபட்டவர். 1911 முதல் 1916-ல் சாகும்வரை வாஷிங்டனில் தீவின் பிரதிநிதி. அமெரிக்கக் கீழவையில் பேசலாம், இறுதி ஓட்டு இல்லை என்ற விசித்திரமான பதவி அது. 'குடியிருப்பு ஆணையர்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து நாங்கள் கெடுத்ததை அவர் 'ஓட்டில்லாப் பிரதிநிதி' என்று தீர்த்துவைத்தார். மகன் அந்தப் பதவியை வகிக்கவே இல்லை. இருவருக்கும் மீசை இருந்ததால் படக்குறிப்புகளும் மாறிக் கிடந்தன. 1916-க்குப் பிந்தைய படம் என்றால் மகன்தான் என்பது எளிய விதி.

நில அளவைத் துறையில் வேலை பார்த்தவருக்கு எப்படி நன்றி சொல்வது! நூலின் நடு அத்தியாயம் அவரால்தான் நின்றது. அங்கே நில அளவு 'குவேர்தா'. நாங்கள் அதை ஏக்கர் என்றே எழுதியிருந்தோம். ஒரு குவேர்தா 0.97 ஏக்கர், அதாவது 97 சென்ட். 1941 நிலச்சட்டத்தின்படி நிலமில்லாக் கூலிகளுக்குக் கொடுத்த மனை கால் குவேர்தா முதல் மூன்று குவேர்தா வரை. நம் கணக்கில் 24 சென்ட்டில் தொடங்கி 2 ஏக்கர் 91 சென்ட் வரை. 'நிலம் பகிர்ந்தார்' என்றால் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று வாசகர் நினைப்பார், சென்ட்டில் போடுங்கள் என்று வற்புறுத்தினார். கால் குவேர்தாவில் பிழைப்பு நடத்த முடியாது. ஒரு குடிசை, நாலு வாழை, கோழிக் கூண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்திலிருந்து யாரும் துரத்த முடியாது. பண்ணைக்காரர் நிலத்தில் குடியிருந்த கூலிக்கு வேலை போனால் வீடும் போகும். ஓட்டை மாற்றிப் போட்டாலும் அதே கதி. மனையை விற்க முடியாதபடி, அனுபவ உரிமை மட்டுமே கொடுத்ததும் இதனால்தான். விற்கலாம் என்று விட்டிருந்தால் நிலம் பழையபடி கரும்புக் கம்பெனிக்கே போயிருக்கும்.

அதே அத்தியாயத்தில் 500 ஏக்கர் உச்சவரம்பை முன்யோஸ் கொண்டுவந்ததாக எழுதியிருந்தோம். வழக்கறிஞர் ஒருவர் சிவப்பு மையில் அடித்தார். வரம்பு 1900-லேயே அமெரிக்கக் காங்கிரஸ் விதித்தது. மீறினால் என்ன தண்டனை என்று எழுதாததால் நாற்பது ஆண்டு ஏட்டில் உறங்கியது. 1940-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீவு அரசின் பக்கம் தீர்ப்பளித்த பிறகே உயிர் வந்தது. இந்தச் சட்ட வேலைகளெல்லாம் நடந்தபோது முன்யோஸ் ஆளுநர் இல்லை. 1941 முதல் தீவுச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் தலைவர். எங்கள் கருத்தில் அவர் வாழ்க்கையின் கனமான பகுதியே அந்த ஏழெட்டு ஆண்டுகள்தான்.

அந்த நாற்காலிக்கு வந்த வழியை விரித்து எழுதச் சொன்ன இளைஞருக்கு நன்றி. 1937-ல் லிபரல் கட்சி அவரை வெளியே தள்ளியது. 1938-ல் மக்கள் ஜனநாயகக் கட்சி பிறந்தது. 'ரொட்டி, நிலம், சுதந்திரம்' என்பது முழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளருக்காகச் சின்னம், 'பாவா' என்ற ஓலைத்தொப்பி அணிந்த மலைநாட்டுக் குடியானவன் முகம். கட்சித்தாளின் பெயர் 'பத்தேய்'. வீட்டு முற்றம் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்து வாசித்தால் நாலு வீடு கேட்கும். அப்போது ஓட்டுக்கு இரண்டு டாலர் என்பது நடைமுறை விலை. முன்யோஸ் பணம் வாங்குவது பாவம் என்று உபதேசிக்கவில்லை. இரண்டு டாலர் வேண்டுமா, நியாயம் வேண்டுமா, இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று கணக்காகப் பேசினார். ஓட்டை விற்காதே, எனக்குக் கடனாகக் கொடு என்றார். அவருடைய வேட்பாளர்கள், ஜெயித்தால் இன்னின்ன மசோதாக்களை ஆதரிப்போம் என்று கூட்டத்தின் முன் சத்தியம் செய்தார்கள். தீவு விடுதலையா, அமெரிக்க மாநிலமா என்ற கேள்வி இந்தத் தேர்தலில் இல்லை என்றும் ஒதுக்கிவைத்தார். 1940-ல் செனட்டின் 19 இடங்களில் 10 கிடைத்தன. ஒரே ஓர் இடம் உபரி. ஓட்டுக்குப் பணம் என்ற பேச்சு நம் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று என்பதால், இளைஞர் கேட்டபடி இந்தப் பகுதி ஏழு பக்கமானது.

கோபமாக எழுதிய வாசகிக்கும் கைகூப்புகிறோம். 1948-ன் 53-ஆம் சட்டத்தை நாங்கள் ஒரு வரியில் தாண்டியிருந்தோம். அரசைக் கவிழ்க்கத் தூண்டும் பேச்சையும் அச்சையும் குற்றமாக்கி, விடுதலைக் கட்சியினர் மேல் பாய்ந்த இதற்கு அங்கே பெயர் 'வாய்ப்பூட்டுச் சட்டம்'. கையெழுத்து பின்யேரோவுடையது, ஆனால் நிறைவேற்றிய செனட்டின் தலைவர் முன்யோஸ். 1950 அக்டோபர் 30-ல் விடுதலை கேட்ட தேசியவாதிகள் கிளர்ச்சி செய்து ஆளுநர் மாளிகையையும் தாக்கிய பிறகு பெருமளவில் கைதுகள் நடந்தன. சட்டம் 1957-ல்தான் நீங்கியது. இளமையில் விடுதலை பேசியவரின் கணக்கில் இதையும் எழுதத்தான் வேண்டும். இப்போது தனி அத்தியாயம்.

1952 ஜூலை 25-ல் பிறந்த அரசியல் ஏற்பாட்டுக்கு ஆங்கிலப் பெயர் காமன்வெல்த். 'பொதுநலவாயம்' என்று போட்டால் இலங்கை, இந்தியா இருக்கும் பிரிட்டிஷ் கூட்டமைப்பு என்று வாசகர் எண்ணிவிடுவார். ஸ்பானிஷ் பெயரைப் பெயர்த்து 'இணைந்த சுதந்திர அரசு' என்று வைக்கச் சொன்ன மெய்ப்புத் திருத்துநருக்கு நன்றி. (அதில் அரசும் இல்லை, சுதந்திரமும் இல்லை, இணைப்பும் இல்லை என்று அங்கேயே கிண்டல் உண்டு.) அதே ஜூலை 25-ல்தான் 1898-ல் ஸ்பெயினிடமிருந்து தீவைக் கைப்பற்ற அமெரிக்கப் படை குவானிகா துறைமுகத்தில் இறங்கியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்ததும் அவர்தான்.

தீவுக்கு ஆலைகளை வரவழைத்த முன்யோஸ் காலத்துத் தொழிற்சாலைத் திட்டத்தின் வரிக்கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளருக்கும் கடன்பட்டிருக்கிறோம். அன்று தீவில் ஈட்டிய வருமானத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் வருமான வரி இல்லை. தீவு தன் வரியையும் தள்ளுபடி செய்ததால் ஆலைகள் வந்தன. ஆனால் கரும்புக்காட்டில் வேலையிழந்த எல்லாரையும் அவை வாங்கவில்லை. 1950களில் நான்கு லட்சம் பேருக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பலும் விமானமும் ஏறினார்கள்.

கடைசி நன்றி வரைபடம் போட்டவருக்கு. தலைநகர் சான் ஹுவானின் பழைய பகுதியில், கோட்டைத் தெருவில் 1898 பிப்ரவரி 18-ல் முன்யோஸ் பிறந்த வீட்டையும், அதே தெரு போய் முடியும் ஆளுநர் மாளிகையையும் ஒரே வரைபடத்துக்குள் அடக்கிக் கொடுத்தார். 1980 ஏப்ரல் 30-ல் காலமானவரை அடக்கம் செய்த பர்ரான்கீத்தாஸ், அப்பாவின் சொந்த ஊர், தீவின் நடுவே மலையில் இருப்பதால் அதற்குத் தனி வரைபடம். அது பக்கம் 214-க்கு எதிரே வரும்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்