அத்தையின் பென்சில்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது, பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். மகளுக்குக் கேட்ட படிப்பே கிடைத்தது, அம்மா மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று நல்ல செய்தியாகவே எழுதியிருந்தாய், அதைப் படித்துவிட்டு உடனே இதைச் சொல்ல மனசு வரவில்லை. அத்தை போய்விட்டார். நம் அத்தை என்றுதான் சொல்ல வேண்டும், நீயும் அவரை அப்படித்தானே கூப்பிட்டாய்.

பக்கவாதம். மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார், அதில் கடைசி இரண்டு நாள் நினைவே இல்லை. அங்கிருந்த நர்ஸ் ஒருவர், "பேசுங்க, அவங்களுக்குக் கேட்கும்" என்றார். எனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தேன். 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சாகும் தறுவாயில் நினைவில்லாமல் இருந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். சிலருடைய மூளை, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுடையதைப் போலவே ஒலிகளுக்குப் பதில் கொடுத்திருக்கிறது. கேட்டது அவர்களுக்குப் புரிந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாதாம். எனக்கு அந்தப் பாதியே போதும்.

என்ன பேசுவது என்று தெரியாமல், சின்ன வயதில் அவருக்கு நான் எழுதிய கடிதங்களை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். உனக்கு நினைவிருக்கும், நாம் எழுதும் கடிதத்தையெல்லாம் படித்து, பிழைகளைத் திருத்தி, தன் பதிலோடு சேர்த்து நமக்கே திருப்பி அனுப்புவாரே, அந்தக் கடிதங்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர், ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு தானாகவே கற்றுக்கொண்டு நமக்கும் கற்றுக்கொடுத்தார். எப்போதும் பென்சிலில்தான் திருத்துவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சிவப்பு மைன்னா குழந்தையை அடிச்ச மாதிரி இருக்கும். பென்சில்னா கத்துக்கிட்ட பிறகு அழிச்சுடலாம்" என்றார். நான் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது ஒன்று கவனித்தேன், என் வாயில் ரகரமும் றகரமும் ஒரே மாதிரிதான் வருகின்றன. அவர் அத்தனை பொறுமையாகத் திருத்திய எந்தப் பிழையும் காதில் விழவே இல்லை.

அவர் இறந்த அன்று நான் அழவில்லை. மரத்துப்போயிருந்தேன். மறுநாள் காலை போனைத் திறந்தால் வரிசையாகச் செய்திகள், அதில் பாதி "ஆழ்ந்த இறங்கல்" என்று இருந்தது. இரங்குவது மனசு, இறங்குவது கால் என்று நம் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாரே! அந்த ஒரு எழுத்தைப் பார்த்ததும் உடைந்துபோய்விட்டேன். அனுப்பியவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, எல்லோரும் அன்பாகத்தான் அனுப்பியிருந்தார்கள். இனி இதைத் திருத்த அவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அலுவலகத்தில் பெற்றவர்கள், கணவர், பிள்ளைகள் என்றால்தான் துக்க விடுப்பு உண்டாம். அந்தப் பட்டியலில் அத்தை இல்லை. "அத்தைதானே?" என்று கேட்டார்கள், சரி என்று என் சொந்த விடுப்பில் இரண்டு நாள் எடுத்தேன். இப்படி மற்றவர்கள் துக்கமாகவே கணக்கில் வைக்காத துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இலேயே எழுதியிருக்கிறார், அங்கீகாரம் கிடைக்காத துக்கம் என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார். நண்பரை இழந்தவர், பழைய காதலை இழந்தவர், கருவிலேயே பிள்ளையை இழந்தவர் என்று எத்தனையோ பேர் அதில் வருகிறார்கள். படித்தபோது வலி குறையவில்லை, ஆனால் நான் மிகைப்படுத்தி அழுகிறேனோ என்ற கூச்சம் போய்விட்டது. என்னை எழுத வைத்தவர் அவர். அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம்தான் சொன்னேன். உறவுமுறையை வைத்து இதை எப்படி அளப்பது?

வீட்டில் எல்லோரும் இப்போது அவருடைய நோயைப் பற்றித்தான் பேசுகிறார்கள், எந்த டாக்டர் என்ன சொன்னார், முன்னாலேயே கவனித்திருக்கலாமா என்று. அந்த ஒன்பது நாள் அவருடைய மற்ற எல்லா நாட்களையும் மூடிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அந்தப் பழைய அத்தை வேண்டும். அவரை அப்படிப் பார்த்தவர்களில் நான் தயங்காமல் கேட்கக்கூடிய ஆள் நீதான்.

நீ ஒரு கடிதத்தில் பறவைக்குப் பதில் "பரவை" என்று எழுதியிருந்தாய், பரவை என்றால் கடல். அத்தை அதை அடிக்காமல், பக்கத்தில் சின்னதாகக் கடல் அலை வரைந்து, அதற்கு மேலே ஒரு பறவையும் வரைந்து, இரண்டுக்கும் கீழே சரியான சொல்லை எழுதி அனுப்பினார். உன் மேல் எனக்கு அன்று பொறாமையே வந்தது, என் பிழைக்கு அவர் படம் வரைந்ததே இல்லை. அந்தத் தாள் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, பென்சில் கோடு தெரிகிற மாதிரி நல்ல வெளிச்சத்தில் எடு.

அன்புடன்,
உன் தோழி