மக்கா, அந்த பலூனை மட்டும் கட்டி வைக்காதே

மக்கா,

தண்ணீரில் கரண்ட் விட்டு வாயு எடுக்கிற உன் டப்பாவை, நீ அனுப்பிய வீடியோவில் நேற்று ராத்திரி நாலு தடவை பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மார்த்தாண்டம் ஜங்ஷனில் இன்னும் ஹாரன் சத்தம் ஓயவில்லை.

தகடு அமைத்த விதம் நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆறு செல்லுக்கும் ஒரே இடைவெளி, நடுவில் ரப்பர் வாஷர், என் கடைப் பையன்களுக்குக்கூட அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் நீ காட்ட நினைக்காத மூன்று சங்கதி அந்த வீடியோவில் தெரிந்தது. மேசை ஓரத்தில் சமையல் உப்பு பாக்கெட். கட்டிலுக்கு அடியில் புகைந்துகொண்டிருந்த கொசுவத்தி. உன் கையில் வாய் கட்டிய பலூன்.

பலூனைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கம் போனது. சமையல் கேஸ் சிலிண்டருக்குள் கேஸ் மட்டும்தான் இருக்கிறது, காற்று இல்லை, அதனால் அது அடுப்படியில் பேசாமல் நிற்கிறது. உன் டப்பாவில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே குழாயில், ரெண்டுக்கு ஒன்று என்று, எரிவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதே அளவில் கலந்து வருகிறது. பாக்கி ஒரு பொறி மட்டும்தான். கோயில் கொடைக்குப் பலூன்காரர் சிலிண்டரில் காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டும் போட்டு வாயு எடுப்பாரே, அதுவே வெடித்து ஆள் போன கதை நீ கேட்டிருப்பாய். அதிலாவது வருவது வெறும் ஹைட்ரஜன். உன்னுடையது அதைவிட மோசம். ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி, அங்கே ராக்கெட் இஞ்சினுக்கு இதே ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் திரவமாக வைத்திருக்கிறார்கள், ஆக்சிஜனைத் தனித் தொட்டியில். எரிகிற நொடியில்தான் ரெண்டையும் சேர விடுவார்கள். நீ பலூனில் சேர்த்துக் கட்டி அலமாரி மேல் வைக்கிறாய்.

இனி என் காது விஷயம். சின்னதில் நீ கேட்டபோது, கோயிலில் கதினா வெடி பக்கத்தில் நின்றதால் இடது காது மந்தமாகிவிட்டது என்று சொன்னேன். அது பொய். 1994ல் தக்கலையில் ஒரு பேட்டரி கடையில் வேலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு, மூடிகளைக் கழற்றாமல், கதவையும் சாத்திவிட்டுப் போயிருந்தேன். காலையில் திறந்தால் உள்ளே கொதிக்கிற மாதிரி குமிழிச் சத்தம். சுவிட்சை அணைக்காமலே கிளிப்பைப் பிடுங்கினேன். நீலமாக ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான் கண்ணில் பட்டது. மூடி கூரையில் போய் இடித்தது, ஆசிட் முகத்தில் தெறித்தது. முதலாளி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார், அதனால் கண் தப்பியது. சட்டை மறுநாள் துவைத்தபோது சல்லடை. காதில் மூன்று நாள் சீட்டியடித்தது, அப்புறம் அந்தப் பக்கம் பாதிதான் திரும்பி வந்தது.

பேட்டரியில் சார்ஜ் நிறைந்த பிறகும் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் 1 ஆம்பியருக்கு மணிக்கு ஒரு செல்லில் கிட்டத்தட்ட 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வரும். 10 ஆம்பியர், ஆறு செல் என்றால் மணிக்கு 25 லிட்டர். உன் டப்பாவுக்கும் அதே கணக்குதான். சமையல் கேஸ் காற்றில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பற்றாது, இது 4 முதல் 75 வரை பற்றும். வாசமும் கிடையாது. பகல் வெளிச்சத்தில் தீ எரிவதுகூடத் தெரியாது. நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று வருமே, அந்தப் பொறி போதும். மேலே ஏறும் வாயு என்பதால் கீழே ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சமாதானம் ஆகாதே, அது கூரைக்கடியில், பரணில் போய்த் தங்கும். அறைக்குள் வேண்டவே வேண்டாம், மொட்டை மாடிக்குக் கொண்டு போ.

எப்படியும் செய்வாய் என்று தெரியும், என் மகன்தானே. அதனால் கேள். வாயுவைச் சேர்த்து வைக்காதே, வருவது வரும்போதே போய்விட வேண்டும். டப்பாவுக்கும் வெளியே போகிற குழாய்க்கும் நடுவில் பப்ளர், அதாவது தண்ணீர் ஊற்றிய டப்பா, இல்லாமல் சுவிட்சைத் தொடாதே. உன் டப்பாவில் இருந்து வருகிற குழாயின் முனை அந்தத் தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும், தீ திரும்பி வந்தால் அந்தத் தண்ணீரில்தான் நிற்கும். பப்ளர் சின்னதாக இருக்கட்டும், தண்ணீருக்கு மேலே காலி இடம் குறைவாக. மூடியைத் திருகி இறுக்காதே, அமுக்கி வை, வெடித்தால் மூடி மட்டும் பறக்கும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. கரைசல் சூடாகச் சூடாகக் கரண்ட் தானாக ஏறும், ஃபியூஸ் போடு. அணைக்கும்போது முதலில் சுவரில் இருக்கிற சுவிட்ச், அப்புறம்தான் கிளிப். இதை மறந்தவன் காதுதான் உனக்குத் தெரியுமே.

உப்பைத் தூக்கிப் போடு. உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டால் குளோரின் வரும், பிளீச்சிங் பவுடர் நெடி அடித்திருக்குமே. ஸ்டீல் தகடு அரித்துத் தண்ணீர் காவி நிறமாவது துரு மட்டுமில்லை, அதில் குரோமியம் கலந்திருக்கிறது, கையால் தொடாதே, சாக்கடையில் கொட்டாதே, தனி டப்பாவில் மூடி வை. உப்புக்குப் பதிலாகக் காஸ்டிக் வாங்கினால் தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, அதன் மேல் தண்ணீரை ஊற்றாதே. அலுமினியப் பாத்திரத்தில் கலக்கினாயோ, நீயும் பலூன்காரர்தான். விரல் வழுக்கினால் சோப்பு என்று நினைக்காதே, கரைவது உன் தோல். கண்ணில் பட்டால் இருபது நிமிஷமாவது பைப் தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி.

பைக்கில் மாட்டி மைலேஜ் கூட்டுகிற யோசனை இருந்தால் அதற்கு ஒரே வரி. அந்தக் கரண்டும் உன் பெட்ரோலில் இருந்துதான் வருகிறது. 1996ல் மூலிகை பெட்ரோல் என்று ஊரே கிடந்து பேசியபோது உன் தாத்தாவும் நம்பினார், பாவம்.

லீவுக்கு வரும்போது தகடுகளை மட்டும் கழுவித் துடைத்துக் கொண்டு வா, காஸ்டிக்கை ரயிலில் ஏற்றாதே. கடைக்குப் பின்னால் தென்னைமூட்டில் வைத்து ரெண்டு பேரும் ஓட்டிப் பார்ப்போம். அம்மை நேந்திரங்காய் சிப்ஸ் பார்சல் போட்டிருக்கிறாள், வந்ததும் சொல்லு. அவளிடம் காது விஷயம் பேசிவிடாதே, இத்தனை வருஷமாக அவளும் கதினா வெடி என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா