கப்ளிங்க மாத்தாமலேயே காசு வாங்கினது பத்தி புகார்

மேனேஜர் சார், வணக்கம்.

வண்டிய விட வந்தப்ப நீங்க எங்கிட்ட தமிழ்ல பேசுனீங்க, டர்பன்ல நம்ம பாஷை பேசுறவரு ஒருத்தரு இருக்காருங்கிற நம்பிக்கையில தான் சாவிய குடுத்தேன், அதனால புகாரையும் தமிழ்லயே எழுதுறேன்.

வண்டி ஜாகுவார் எக்ஸ்ஜேஆர், 4.0 லிட்டர் வி8, சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்புற பம்ப்) ஈட்டன் எம்112. ஐடில்ல நின்னா டப்பாக்குள்ள கோலிகுண்டு போட்டு குலுக்குற மாதிரி கடகடன்னு சத்தம், லேசா ஆக்சிலேட்டர் குடுத்தா போயிடும். சூப்பர்சார்ஜர்ல பெல்ட் சுத்துற புல்லி ஷாஃப்டையும் உள்ள இருக்குற ரோட்டர் கியரையும் சேக்குற கப்ளிங் தேஞ்சிடுச்சு, மாத்துனா சரியாயிடும்னு உங்க ஆளு தான் சொன்னாரு. கப்ளிங், சூப்பர்சார்ஜருக்கு தனியா ஊத்துற ஆயில், லேபர் எல்லாம் சேத்து 7,400 ரேண்ட் கட்டுனேன். பழைய பீஸ கேட்டா குப்பையில போட்டாச்சுன்னாங்க.

வண்டிய எடுக்கும்போதே சத்தம் இருந்துச்சு. புது பார்ட், செட்டாக கொஞ்ச நாள் ஆகும்னு சொல்லி அனுப்பிட்டீங்க, நானும் நம்பிட்டேன். தைப்பூச காவடிக்கு அம்மாவ மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்கு கூட்டிட்டு போனப்ப வாசல்ல நின்னவங்க எல்லாம் திரும்பி பாத்தாங்க, அம்மா இறங்கினதும் "என்னப்பா, இதுக்கா அவ்ளோ காசு குடுத்த?"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

போன வாரம் சாட்ஸ்வொர்த்ல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் என் கண்ணு முன்னாடியே சூப்பர்சார்ஜரோட முன்மூக்க கழட்டுனாரு. போல்ட்டு மேல பல வருஷத்து அழுக்கு அப்படியே கெட்டியா இருக்கு, ஸ்பானர் பட்ட தடமே இல்ல. உள்ள அதே பழைய கப்ளிங், பின்னு போற ஓட்டை எல்லாம் முட்டை மாதிரி நீண்டுடுச்சு, ஆயில் கருப்பா நாத்தமடிக்குது, விரல்ல தேச்சா பிளாஸ்டிக் தூள் நறநறங்குது. அந்த தூள் கியர், பேரிங்குக்குள்ள போயிருந்தா சூப்பர்சார்ஜரே காலி, அத யார் சார் வாங்கி தருவா? ஒவ்வொன்னுக்கும் போட்டோ இதோட வச்சிருக்கேன், அந்த கப்ளிங்கும் எங்கிட்ட பத்திரமா இருக்கு.

தென்னாப்பிரிக்காவோட 2008 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 67-வது பிரிவுப்படி கழட்டுன பார்ட்ட கஸ்டமர் கையில திருப்பி தரணும், 57-வது பிரிவுப்படி மாட்டுன பார்ட்டுக்கும் லேபருக்கும் 3 மாச வாரண்டி உண்டு. நீங்க எதையும் கழட்டவும் இல்ல, மாட்டவும் இல்ல.

7,400 ரேண்டும் முழுசா திரும்ப வேணும், அதோட அன்னைக்கு என் வண்டியில என்ன தான் வேலை செஞ்சீங்கன்னு எழுத்துல வேணும். 14 நாள்ல வரலன்னா வண்டி சம்பந்தமான புகார விசாரிக்குற மோட்டார் இண்டஸ்ட்ரி ஓம்புட்ஸ்மேன்கிட்ட பில்லு, போட்டோ, கப்ளிங் மூணையும் கொண்டு போறேன்.

இப்படிக்கு,
எக்ஸ்ஜேஆர் வண்டிக்காரர், டர்பன்