பாட்டுப் பதிவுக்கு எந்த லினக்ஸ்?

ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கல்யாண வீடியோ, திருவிழாப் பாட்டு என்று பிழைப்பு நடத்தும் மதுரை ஸ்டுடியோக்காரர்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவதானால், ஒலி, வீடியோ வேலைக்கென்றே அமைத்த உபுண்டு ஸ்டுடியோ என்ற வகையின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பே போதும். பாட்டுப் பதிவுக்கான ஆர்டோர், வீடியோ எடிட்டிங்குக்கான கேடென்லைவ் இரண்டும் அதிலேயே வந்துவிடுகின்றன. மூன்று ஆண்டுக்கு அப்டேட் உண்டு. பழைய கணினிக்கு ஏவி லினக்ஸ் இலகு. மற்ற லினக்ஸ் வகைகளைப் பற்றிய சண்டை எல்லாம் வால்பேப்பர் சண்டைதான்.

பாடாய்ப் படுத்துவது பஃபர், அதாவது கணினி ஒலியை ஒரு சுற்றுக்கு எத்தனை துணுக்காக (சாம்பிள்) சேர்த்துக் கையாள்கிறது என்ற அளவு. நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற ரேட்டில் பஃபர் 1024 என்றால் ஒரு சுற்றுக்கே 21 மில்லிசெகண்ட். உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. தவில்காரர் காதில் அவர் அடித்த அடி 40 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக விழும். கை தானாகவே தாளத்தை இழுக்கும். பதிவின்போது 128 வையுங்கள், ஒரு சுற்று 2.7 மில்லிசெகண்டுதான். அதே 128-ல் ரிவெர்ப் (எதிரொலி) எல்லாம் போட்டு மிக்ஸிங் செய்தால் பிராசசர் திணறிப் படபடவென்று சத்தம் வரும். அப்போது 1024-க்கு ஏற்றிவிடலாம். லேப்டாப்பில் பவர் சேவர் ஓடினாலும் இதே படபடப்புதான். ஸ்டுடியோவுக்கென்று அமைக்காத சாதாரண லினக்ஸில் என்றால், ஒலிக்கு முன்னுரிமை கிடைக்க யூசரை 'ஆடியோ' குரூப்பில் சேர்த்து, லாக்-அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு லினக்ஸைத் திட்டுகிறார்கள்.

ஹார்டு டிஸ்க்கை அழிக்கும் முன் லினக்ஸை 16 ஜிபி பென்டிரைவில் லைவ்வாக (இன்ஸ்டால் செய்யாமல்) ஓட்டி, உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மாட்டிப் பத்து நிமிடம் பதிவு செய்து பாருங்கள். டிரைவர் கேட்காத யூஎஸ்பி வகை என்றால் சொருகியதும் வேலை செய்யும்.

வீடியோவில் ஒரு பள்ளம் இருக்கிறது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 என்ற வீடியோ வடிவக் கோப்பைத் திறக்காது. கேமராவும் செல்போனும் தருவதோ பெரும்பாலும் அதுதான். அதை ரிசால்வ் திறக்கும் டிஎன்எக்ஸ்எச்டி 120 என்ற வடிவத்துக்கு மாற்றினால் ஒரு மணி நேர வீடியோவுக்கு 54 ஜிபி. முகூர்த்தம், ரிசப்ஷன் என்று ஆறு மணி நேரம் எடுத்தால் 324 ஜிபி! கேடென்லைவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் போடுகிற கடைகள், அந்த ஒரு கணினியை மட்டும் முடிந்தவரை நெட் இணைப்பில்லாமல் விண்டோஸிலேயே வைத்துக்கொள்ளலாம். மாற்றத்தை ஆடி மாதத்தில் செய்யுங்கள். ஆவணி முகூர்த்தங்களுக்குள் கை பழகிவிடும்.

- வாசகர், செல்லூர், மதுரை.