பெறாமகளுக்கு ஒரு கடிதம்: உன் சுயவிபரக் கோவை உன் கையில்

அன்புள்ள பிள்ளைக்கு,

போன கிழமை ரெலிபோனில் கேட்டாய்: "சின்னம்மா, நல்லா வேலை செய்தால் புரமோஷன் தானா வரும்தானே?" கோயிலுக்கு வெளிக்கிட்ட அவசரத்தில் ஓமோம் என்று சொல்லிவிட்டேன். அது பிழை. தானாக வராது.

நீ அரசாங்கக் கந்தோரில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். மூன்றாம் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்குப் போக 10 வருடச் சேவையும் 10 சம்பள ஏற்றங்களும் வேண்டும். பதவி உயர்வுக்கு முன் தேற வேண்டிய தடைதாண்டல் பரீட்சையை உரிய காலத்துக்குள் பாஸ் பண்ண வேண்டும். பிந்தினால் பதவி உயர்வும் பிந்தும். நீ எவ்வளவு கெட்டிக்காரி என்பதை, கந்தோரில் உன் பெயரில் இருக்கும் சுயவிபரக் கோவையிலுள்ள (ஃபைலிலுள்ள) கடதாசிதான் சொல்லும்.

எனக்கு நடந்ததைக் கேள். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. உன் தாத்தா என் சேட்டிபிக்கற்றுகளைப் பொலித்தீன் பையில் சுற்றி, வாழைநாரால் கட்டித் தந்தார். மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். அன்று இடித்த மிளகாய்த்தூளைக்கூட அம்மா அடுப்படியில் விட்டுவிட்டுத்தான் வந்தா. பைக்குள் பிறப்புச் சாட்சிப் பத்திரம், ஏ.எல். பெறுபேறு, நியமனக் கடிதம் எல்லாம் இருந்தன. தடைதாண்டல் பரீட்சைப் பெறுபேறு மட்டும் இல்லை. அது கந்தோரில், என் சுயவிபரக் கோவைக்குள். ஒரு பிரதி எடுத்து வீட்டில் வைக்க எனக்குத் தோன்றவேயில்லை.

திரும்பி வந்தபோது கோவையும் இல்லை, அது இருந்த அலுமாரியும் இல்லை. பதவி உயர்வு வந்த நேரம், பாஸ் பண்ணியதற்கு ஆதாரம் கேட்டார்கள். கொழும்புக்குப் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. யுத்தத்தால் மூடிக் கிடந்த ஏ9 வீதி 2002இல் திறந்த பிறகு நானே பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தேன். அதற்குள் என்னோடு சேர்ந்தவர்கள் முன்னுக்குப் போய்விட்டார்கள். அந்த வருடங்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வேகும்.

அதனால் வருடத்துக்கு ஒருதரம் உன் கோவையைக் கேட்டுப் பார். சம்பள ஏற்றம் பதிந்திருக்கிறதா, லீவுக் கணக்குச் சரியா, தாள்களுக்கு இலக்கம் போட்டிருக்கிறதா என்று பார். கேட்க வெட்கப்படாதே. ஒரு சீ.ஆர். கொப்பியில் மாதாமாதம் நீ முடித்த வேலைகளை எழுதி வை. செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவம் வரும் நாளில் ஒன்றும் ஞாபகத்துக்கு வராது, எனக்குத் தெரியும்.

சிங்களத்தைத் தள்ளிப்போடாதே. சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, சிங்களம் படிக்கமாட்டேன் என்று நின்ற தாத்தாவுக்குச் சம்பள ஏற்றம் நின்றது. அந்தக் கோபம் நியாயமானது, இன்றைக்கும் நான் அதை மதிக்கிறேன். ஆனால் 2007 ஜூலை 1 தொடக்கம் சேவைக்கு வந்தவர்களில் சிங்கள உத்தியோகத்தர்களும் தமிழ் படித்துத் தேற வேண்டும். இது தாத்தாவுக்கு நடந்தது போன்றதல்ல, பிள்ளை. இப்பவே வகுப்புக்குப் போ.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. வரும்போது நியமனக் கடிதத்தைக் கொண்டு வா, தட்டாதெருச் சந்தியில் இரண்டு போட்டோப் பிரதி எடுப்போம். ஒன்றை என் அலுமாரியில் வைக்கிறேன்.

அன்புடன்,
சின்னம்மா